சத்தம் வராத கொலுசு

என் கதையில் வரும் ஊருக்குப் பெயர் கிடையாது. வடக்கே மலை நிற்கும். ஆடி வந்தால் மாரியம்மனுக்குப் பூச்சாட்டுவார்கள். சாயங்காலமானால் தெருமுனையில் தட்டுவடை செட் கிடைக்கும். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் அடையாளம் சொல்லத் தேவையில்லை.

அந்த ஊரில் ஒரு சம்பவம் நடக்கிறது. கண்டன ஊர்வலம் போகிறது, கடைகளில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோகிறது. அப்புறம் நகரசபை கூடி ஒரு தீர்மானம் போடுகிறது. இரவு 7 மணிக்கு மேல் வெளியே வரும் ஆண்கள் எல்லோரும், 14 வயது தாண்டியிருந்தால், காலில் சலங்கை வைத்த வெள்ளிக் கொலுசு போட்டிருக்க வேண்டும். ஆம்பளை வருவது பொம்பளை காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வீட்டில் வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு கற்பனை வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, கண்ணி கண்ணியாகக் கோத்து, பத்த வைத்து, மெருகு போட்டு வரும்வரை ஒரு ஜோடிக் கொலுசு எத்தனையோ கை மாறும். எங்கள் வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து சலங்கை கோப்பார்கள். ஒவ்வொன்றையும் காதுப் பக்கம் கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வராதது தனிக் கிண்ணத்துக்குப் போகும். அதற்கு எங்கள் வீட்டில் ஊமைச் சலங்கை என்று பேர். பிள்ளைகளுக்கு அந்தக் கிண்ணம்தான் விளையாட்டுச் சாமான்.

கொலுசை அழகுக்குப் போடுகிறோம் என்று சொல்லித்தான் எங்களுக்கும் போட்டுவிட்டார்கள். ஆனால் வயசுக்கு வந்த பெண் மொட்டை மாடிக்குப் போனாளா, வாசல் கேட் வரைக்கும் போனாளா என்பது அடுக்களையில் இருந்த பாட்டிக்கு எழுந்து பார்க்காமலே தெரிந்தது. "அங்க என்னடி பண்ற?" என்ற குரல் சரியாக நான் நின்ற இடத்துக்கு வரும். கதையில் நான் செய்ததெல்லாம் அந்தக் காதைப் பாட்டியிடமிருந்து வாங்கித் தெருவில் வைத்ததுதான்.

முதல் பாதி சிரித்துக்கொண்டே எழுதியது. ஊரில் உள்ள பட்டறைக்கெல்லாம் ஆர்டர் குவிகிறது. அரசு டெண்டர் எடுத்தவர் 70 டச் வெள்ளி, அதாவது நூற்றுக்கு 70 பங்கு சுத்த வெள்ளி, என்று கையெழுத்துப் போட்டு 40 டச்சில் அனுப்புகிறார். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டிலிருந்து கொலுசு வருகிறது, போதவில்லை என்று சண்டையும் வருகிறது. நல்ல குடும்பத்துப் பையன் கெட்டிக் கொலுசு போடுவான், ஒற்றைச் சலங்கையோடு திரிகிறவன் எப்படிப்பட்டவன் என்று யாருக்குத் தெரியாது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். காலேஜ் பையன்கள் சலங்கைக்குள் பஞ்சு அடைக்கிறார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பெரியவர் வந்து, "இருட்டின பிறகு ஆம்பளைக்கு வெளியில என்ன வேலை?" என்று கேட்கிறார். ராத்திரி வெளியே கிளம்பும் மகனிடம் அப்பா சொல்கிறார்: "உன் மேல நம்பிக்கை இல்லாம இல்லைடா. ஊரு கெட்டுக் கிடக்கு."

ஆண்-பெண் இடத்தை மாற்றிப்போட்டுச் சிரிக்கவைப்பது சுலபம். பட்டிமன்றத்திலிருந்து கல்லூரி ஆண்டு விழா நாடகம் வரை அதைத்தான் செய்கிறார்கள். ஆண் சேலை கட்டி வந்தால் கூட்டம் சிரிக்கும். சேலை கட்டினவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறது, கட்டவைத்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சேலத்தில் குகை என்கிற பேட்டையில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜோடித்த வண்டிகளில் புராண வேடம் கட்டி நிற்பார்கள். சூலம் பிடித்து அம்மனாக நிற்பவர் பெரும்பாலும் ஆண்தான். கண்மையும் புடவையும் கிரீடமுமாக அவர் வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே நேரத்தில் கீழே நெரிசலில் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். வேடிக்கை பார்க்கக் கிளம்பும்போது என் அத்தை கையில் ஒரு ஊக்கைத் திணித்து, "தாவணி அவுந்துகிட்டா குத்திக்க" என்பார். தாவணி அவிழாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஊக்கு என்னத்துக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேலே போகிற அம்மனுக்குச் சூலம், கீழே நிற்கிற எங்களுக்கு ஊக்கு.

அதனால் கொலுசுக் கதை இடமாற்றத்தோடு நின்றுவிட்டால் அது வெறும் ஆண்டு விழா நாடகம் என்று எனக்குத் தோன்றியது. கதைக்கு நஞ்சு ஏற வேண்டிய இடம் விலக்குப் பட்டியல்.

தீர்மானம் வந்த சில வாரங்களிலேயே திருத்தம் வருகிறது. பணியில் இருக்கும் காவலருக்குக் கொலுசு தேவையில்லை, திருடன் உஷாராகிவிடுவான். வனத்துறைக்குத் தேவையில்லை, மிருகம் மிரளும். மக்கள் பிரதிநிதிக்குத் தேவையில்லை, அவர் மக்களில் ஒருவர். மடத்துச் சாமிக்குத் தேவையில்லை, அவர் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அப்பாற்பட்டவர். மலைமேல் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை, அங்கே ஏற்கெனவே பறவைச் சத்தம் அதிகம். கடைசியாக, தன் வீட்டுக்குள் இருக்கும் கணவனுக்குத் தேவையே இல்லை.

இந்தக் கடைசி வரி மிகை என்று ஒரு நண்பர் சொன்னார். அது ஒன்றுதான் என் கற்பனையில் சேராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவில் இரண்டாவது விலக்கைப் பாருங்கள். மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால் கணவன் செய்வது வல்லுறவு ஆகாது. வெள்ளைக்காரன் எழுதின பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லப்பட்ட புத்தகத்தில் இந்த விலக்கு மட்டும் பத்திரமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பட்டியல் வந்த பிறகு பணம் படைத்தவர்கள் ஒவ்வொருவராக விலக்குக்கு மனுப் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் தெருவில் சத்தம் போட்டு நடப்பது மூட்டை தூக்குகிறவனும் தறி ஓட்டுகிறவனும்தான். பெண்களும் பழகிக்கொள்கிறார்கள். சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் நிம்மதி. அப்படி நிம்மதியாக ஒரு பெண் நடந்துவரும் ராத்திரிதான் கதையின் நடு மையம். அந்த ராத்திரியை நான் எழுதவில்லை. கதை நேராக விசாரணை அறைக்குப் போகிறது.

"சலங்கைச் சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கலைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கொஞ்சம்கூடக் கேக்கலையா?"

"இல்லைங்க."

"அப்ப ஆம்பளை யாரும் வரலைன்னு நீயே சொல்ற."

அறிக்கையில் "ஆண் எவரும் சம்பந்தப்படாத சம்பவம்" என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள்.

இதை வாசித்த இளம்பெண் ஒருத்தி, இவ்வளவு முட்டாள்தனமான விசாரணை எங்கே நடக்கும் என்று கேட்டாள். மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள், 1972-ல், ஒரு பழங்குடிச் சிறுமியை இரண்டு போலீஸ்காரர்கள் சீரழித்த வழக்கைச் சொன்னேன். மதுரா வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றம் தண்டித்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகச் சொல்வதை நம்ப முடியவில்லை, ஆகவே எல்லாம் அமைதியாக நடந்த விஷயம் என்று தீர்ப்பு. சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதி, பெண்கள் தெருவுக்கு வந்த பிறகு 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்ததென்றால், சம்மதம் இல்லை என்று அந்தப் பெண் சொன்னால் நீதிமன்றம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஆனது. சத்தம் வரவில்லை, ஆகவே நடக்கவில்லை என்பது என் மூளையில் உதித்த நகைச்சுவை இல்லை.

ஆனால் கதையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் என்னைத் தொந்தரவு செய்தது மதுரா வழக்கு அல்ல. இங்கேயே பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

ஏற்காடு போகிறவர்கள் அஸ்தம்பட்டியைத் தாண்டித்தான் கோரிமேடு, அடிவாரம் என்று போவார்கள். அஸ்தம்பட்டியில்தான் மத்திய சிறை. காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தபடி போகும்போது அந்த மதிலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1992 ஜூனில் வாச்சாத்தியிலிருந்து பெண்களைப் பிடித்துக்கொண்டு வந்து அடைத்தது இந்தச் சேலம் சிறையில்தான். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலைக்குப் போகிற மலையாளி என்று பெயர் கொண்ட மலைவாழ் பழங்குடிகளும் வாச்சாத்திக்காரர்களும் ஒரே சமூகம்.

ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஆட்களை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், இருந்த தானியத்தையும் பாழாக்கினார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அப்புறம் அந்தப் பெண்களையே குற்றவாளிகளாக்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். மறுப்பு, இழுத்தடிப்பு எல்லாம் தாண்டி, உயர் நீதிமன்றம் சொல்லி சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், ஒருத்தர் பாக்கியில்லாமல் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று ஆனது. வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. அதில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் 12 வருஷம் கிடந்தது. 2023-ல் தண்டனையை உறுதிசெய்து தீர்ப்பு வந்த தேதியும் செப்டம்பர் 29. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அன்றைக்கு இருந்த கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை என்றும் சொன்னது. அதே தேதியை நான் கதையில் வைத்திருந்தால், செயற்கையாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சொல்லியிருப்பார்.

என் கற்பனையைக் கலைத்தது இதில் வேறொரு விஷயம். வாச்சாத்திக்கு அவர்கள் பதுங்கி வரவில்லை. பட்டப்பகலில், சீருடையில், கூட்டமாக வந்தார்கள். பூட்ஸ் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கொலுசு கட்டிவிட்டிருந்தால் அதுவும் கேட்டிருக்கும். கேட்டு என்ன செய்திருப்பார்கள்? போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் போலீசே வந்திருக்கிறது. அதனால்தான் வனத்துறையை விலக்குப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் வைத்தேன். மிருகம் மிரளும் என்ற காரணத்தை வாசித்து எல்லோரும் சிரிக்கிறார்கள். அரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

பெண் பலவீனமாக இருப்பதால் இதெல்லாம் நடக்கிறது, அதிகாரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. 2021-ல் இந்த மாநிலத்தில் ஐ.பி.எஸ். அதிகாரியான ஒரு பெண், தன் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் புறப்பட்டார். வழியில் செங்கல்பட்டுப் பக்கம் சுங்கச்சாவடியில் அவருடைய காரை மறித்தது காவல்துறை. மறித்தவர் ஒரு எஸ்.பி. போலீசிடம் புகார் கொடுக்கப் போன போலீசைப் போலீஸ் தடுத்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் சிறப்பு டி.ஜி.பி.க்கு மூன்றாண்டு சிறை விதித்தது. காரை மறித்தவருக்கு 500 ரூபாய் அபராதம். நோ பார்க்கிங்கில் வண்டி விட்டாலே அவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது. நகைச்சுவை எழுதுகிறவர்களின் பிழைப்பில் நீதிமன்றங்கள் இப்படிக் கை வைக்கக் கூடாது.

கதையை நண்பர்கள் வட்டத்தில் வாசித்தபோது திருநங்கையான தோழி ஒருத்தி முதல் பாதி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தாள். முடிந்ததும் கேட்டாள்: "ஏங்க்கா, உங்க ஊர்ல எனக்குக் கொலுசு குடுப்பாங்களா, காது குடுப்பாங்களா?"

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். நகரசபையில் அவள் மனு மேசை மேசையாகப் போகிறது. சுகாதாரப் பிரிவு பொதுப்பணிக்கு அனுப்புகிறது, பொதுப்பணி தெருவிளக்குப் பிரிவுக்கு. இதுவும் பெரிய கற்பனை இல்லை. பெண்ணை வல்லுறவு செய்தவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு என்கிற சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே, திருநரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினால் அதிகபட்சம் 2 ஆண்டு என்று 2019-ல் வந்த சட்டம் இருக்கிறது. வயது வந்த ஆணுக்கு ஆணால் நேர்ந்தால் இன்னும் விசேஷம். ஒரு காலத்தில் ஓரினச்சேர்க்கையையே குற்றமாக வைத்திருந்த பழைய 377-வது பிரிவைப் புதுச் சட்டத்தில் சேர்க்காமலே விட்டுவிட்டதால், அவனுக்கு அந்தக் குற்றத்தின் பெயரில் ஒரு பிரிவே இல்லை. அடிதடிக் கேஸ் போடலாம். 377 போனதைக் கொண்டாட நியாயம் இருந்தது. போனபோது சம்மதத்துக்கும் சம்மதமின்மைக்கும் இருந்த வித்தியாசத்தையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனதைக் கவனித்தவர்கள் குறைவு.

தோழிக்கு அத்தியாயம் பிடித்திருந்தது. "தெருவிளக்குப் பிரிவு சரியாத்தான் இருக்கு. அங்கதான நாங்க நிக்கறதா எல்லாரும் நினைக்கறாங்க" என்றாள்.

அந்த ராத்திரியை ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவர், இலக்கியப் பரிச்சயம் உள்ளவர், அங்கேதான் கதையின் உக்கிரம் இருக்கிறது, நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் என்றார். தமிழ் சினிமா அந்த ராத்திரியை எத்தனையோ முறை எடுத்துவிட்டது. மழை பெய்யும், விளக்கு அணையும், பூச்சட்டி உடையும், கேமரா மட்டும் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போகும். பிறகு ஆலமரத்தடியில் நாட்டாமை உட்கார்ந்து அவனுக்கே அவளைக் கட்டிவைப்பார், கொட்டகை கைதட்டும். அந்தக் கேமராவுக்கு என் கதையில் வேலை இல்லை. அவள் உடம்பை வைத்து வாசகரை உலுக்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. விசாரணை அறையில் அந்த அதிகாரி "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்கிறாரே, அந்த "ம்மா"வில் இருக்கும் கரிசனத்தை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. அவர் கெட்டவர் இல்லை. அவள் குடிக்க டீ கூடச் சொல்கிறார்.

கதையின் கடைசிப் பகுதி மலைமேல் நடக்கிறது. திட்டத்தின் வெற்றியை ஆய்வு செய்ய உயர்மட்டக் குழு ரிசார்ட்டில் கூடுகிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட், ஜென்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று தனித்தனியாகக் காட்சிமுனைகள் இருக்கின்றன. வெள்ளைக்காரக் குடும்பங்கள் உட்கார்ந்து காற்று வாங்கின இடங்கள். கதைக்காரி எதையும் சேர்க்க வேண்டாதபடி ஊரே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் மொத்தமும் விளக்கு விளக்காகத் தெரியும். குழுவில் இருக்கும் ஆண்கள் அங்கே போய் நின்று, ஊரிலிருந்து சலங்கைச் சத்தம் எதுவும் கேட்கவில்லையே, குற்றம் ஒழிந்துவிட்டது என்று குறிப்பு எழுதுகிறார்கள். அவ்வளவு உயரத்தில் எதுதான் கேட்கும்? குழுவில் ஒரே ஒரு பெண். கூட்டக் குறிப்பு எடுப்பது அவர் பொறுப்பு.

பட்டறை வேலைக்குப் போகும் பெண்களுக்கும் கதையைப் படித்துக் காட்டினேன். அவர்கள் கொலுசைப் பற்றி அதிகம் பேசவில்லை. முதலாளி கை வைத்தால் எங்கே போய்ச் சொல்வது என்று ஒருத்தி கேட்டாள். வேலை செய்கிற இடத்தில் 10 பேர் இருந்தால் உள்ளேயே புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். பட்டறையில் நாலைந்து பேர்தான். அப்படிப்பட்டவர்களும், புகாரே முதலாளி மேல் என்றால் யாராக இருந்தாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் சரியாக இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டுவார்கள். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுக்க உதவி செய்ய வேண்டியதும் குழுவின் வேலைதான். சொல்லி முடித்தேன். "அது எந்த பஸ்ல போகணும்?" என்று கேட்டுக்கொண்டாள். கதையைப் பற்றி அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பாவோடு பட்டறையில் இருந்த சித்தப்பா ஒருவர் இப்போதும் தொழிலில் இருக்கிறார். அவர்தான் கதையைக் கடைசியாகப் படித்தவர். கண்ணாடியை ஏற்றி இறக்கி நிதானமாக முழுசும் படித்தார். விலக்குப் பட்டியல், விசாரணை அறை, மலைமேல் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டிப் பக்கங்களை அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க கண்ணு. ஒரு இடம் மட்டும் எடுத்துரு."

எந்த இடம் என்றேன்.

"40 டச்சுனு போட்டிருக்கியே, அது. நம்ம ஊர்க் கொலுசப் பத்தி அப்படி எழுதலாமா? நாலு பேரு படிச்சா மானம் போயிரும்."

நான் எடுக்கவில்லை. 35 என்று மாற்றிவிட்டேன்.